அம்மாவிடம் "உன் வாழ்க்கையைச் சொல்" என்று கேட்காதீர்கள்

கேள்வி இதுதான்: காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 66. அப்பா காலமாகிவிட்டார். மகனுக்குப் பெங்களூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியா சாமி, அங்க மழை பேஞ்சுதா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. அம்மாவின் வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள மகனுக்கு ஆசை. கேட்டால், "என்னத்தெ இருக்குது சொல்றதுக்கு, எல்லாத்தையும் போலத்தான்" என்று முடித்துவிடுகிறார். எப்படி ஆரம்பிப்பது?

ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்களிடம் உட்கார்ந்து பழைய கதை கேட்பதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேள்விதான் பெரிதாக இருக்கிறது. "உன் வாழ்க்கையைச் சொல்லும்மா" என்றால் அறுபத்தாறு வருடத்தை எந்த முனையில் பிடிப்பது? உங்களைக் கேட்டாலும் நீங்களும் "என்ன, படிச்சேன், வேலைக்குப் போனேன்" என்றுதான் சொல்வீர்கள். அதோடு நம் பக்கத்தில் பெண்பிள்ளை தன்னைப் பற்றித் தானே பேசினால் பெருமை பேசுகிறாள் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள், பேசுவார். கிணற்றைப் பற்றி, எருமையைப் பற்றி, சந்தைக்குப் போன வழியைப் பற்றிக் கேளுங்கள், பேசுவார். தன் கதையையும் அதற்குள் வைத்தே சொல்லிவிடுவார்.

எந்தக் காலத்தைக் கேட்பது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் கேட்பதெல்லாம் தங்களைச் சுற்றியே இருக்கும். "நான் சின்னதுல எப்படி இருந்தேன்", "அப்பா அப்ப ரொம்பக் கோவக்காரரா" என்று. உங்கள் அம்மாவுக்கு 1970-களின் கடைசியில் கல்யாணம் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் இருபது வருடம் அவர் வேறோர் ஊரில், வேறோர் வீட்டில் இருந்தவர். அங்கே அவரை "அம்முணி" என்று கூப்பிட ஆள் இருந்தது. உங்கள் அப்பச்சி, அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்கள்), மாமன்மார், கூடப் படித்த பிள்ளைகள், கையில் வளர்ந்த ஆட்டுக்குட்டி எல்லாம் இருந்தன. இங்கே வந்த பிறகு இன்னார் மருமகள், இன்னார் வீட்டுக்காரி, இன்னார் அம்மா. அந்த முதல் இருபது வருடத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் அவரைக் கேட்டே இருக்கமாட்டார்கள். நீங்கள் அங்கிருந்து ஆரம்பியுங்கள். நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் ஒன்று உண்டு: வயதானவர்களுக்குச் சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கின்றன. நேற்று மாத்திரை போட்டோமா என்று தடுமாறுகிறவர் 1971-ல் எந்தக் காட்டில் கடலைக்காய் பொறுக்கினார் என்று சொல்லிவிடுவார்.

சரி, அந்தக் காலத்தைப் பற்றி என்னவென்று கேட்பது? கையால் தொடக்கூடியதைக் கேளுங்கள். "உங்க ஊர்ல தண்ணி எங்கம்மா எடுப்பீங்க?" "அப்பச்சி கவலை ஓட்டுனதை நீ பார்த்திருக்கியா?" இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் விழுகிற காட்சி அவர் வயதுக்காரர்களுக்குக் கண்முன் நிற்கும். அதிலிருந்து "மோட்டார் எப்ப வந்துச்சு, முதல்ல யாரு தோட்டத்துக்கு வந்துச்சு" என்று போகலாம். வாய்க்காலில் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத் தண்ணீர் வந்த கதையும் பலருக்கு இருக்கும். காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் கடைமடை என்பதால் தண்ணீர் வந்ததைவிட வராத வருடங்கள்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தார், கூட யார் யார், எந்த வகுப்போடு நிறுத்தினார்கள், நிறுத்தினது யார் முடிவு? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மெதுவாகக் கேளுங்கள். பெரியவளானதும் பள்ளியை நிறுத்திய வீடுகள் அன்றைக்கு ஏராளம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

பண்டிகைகளைத் தனியாகக் கேளுங்கள். தைப்பொங்கலை ஒட்டி வருகிற பூநோம்பிக்கு ஆவாரம்பூப் பறிக்க ஊர்ப் பெண்பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பிப் போவார்கள். ஆடி நோம்பிக்கு மரத்தில் தூரி கட்டி ஆடுவார்கள். பெரியவர்கள் கண்காணிப்பு இல்லாமல் பெண்பிள்ளைகள் ஒட்டுக்காகச் சிரித்துப் பேச வாய்த்த நாட்கள் அவை. "பூப்பறிக்க யாரோட போவே?" என்று கேட்டால் ஒரு தோழியின் பெயர் வரும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் எங்கே வாக்கப்பட்டுப் போனாள், கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு வசதி இருந்தால் அந்தத் தோழியைத் தேடிக் கண்டுபிடித்து ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். அதைவிடப் பெரிய பேச்சை நீங்கள் கேட்கப்போவதில்லை.

உங்கள் அம்மா தோட்டத்துக்காரர் என்பதால் தோட்டத்தைச் சொல்கிறேன். மற்ற வீடுகளுக்கும் இதே வழிதான். சென்னிமலை, பவானிப் பக்கம் நெசவு வீட்டில் வளர்ந்தவர் என்றால் எந்த வயதில் நூலைத் தார் சுற்ற உட்கார்த்தினார்கள் என்று கேளுங்கள். கோவையில் மில்லுக்குப் போனவர் என்றால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த வழியைக் கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங், மடிப்பு வேலை பார்த்தவர் என்றால் முதல் வாரச் சம்பளத்தை யார் கையில் கொடுத்தார் என்று கேளுங்கள். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர் என்றால் கூலி பணமா தானியமா, யார் வீட்டில் எந்த இடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள் என்பதைக்கூட அவர் சொல்வார். கேட்க நமக்குத் தைரியம் வேண்டும்.

அடுத்து, எங்கே உட்கார்ந்து கேட்பது. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச்சு வராது. நம் வீடுகளில் முகம் பார்த்து மனம்விட்டுப் பேசும் பழக்கம் குறைவு. கை வேலையாக இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, கண் வேறெங்கோ இருக்கும்போதுதான் வாய் திறக்கும். இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிவது இதற்கென்றே அமைந்த வேலை. மாவை அவித்து எடுத்துச் சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும், ஒருவர் அமுக்க ஒருவர் தட்டு பிடிக்க வேண்டும், ஒரு மணி நேரம் நகர முடியாது. "சந்தகை சாப்பிடணும்போல இருக்குதும்மா, நானே புழியறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவரைக்காய் உரிக்க, முருங்கைக்கீரை உருவ, கடலைக்காய் உடைக்கக் கூட உட்காருங்கள். காரில் அவரைப் பக்கத்து இருக்கையில் வைத்து ஓட்டிப் போவதும் இப்படித்தான். அவருடைய பிறந்த வீட்டுக் கோயில் நோம்பிக்குக் கூட்டிப் போனால் போகிற வழியெல்லாம் கதை கிடக்கும்.

தோட்டத்திலேயே என்றால் பொழுதோடு கொறங்காட்டுப் பக்கம் நடக்கக் கூப்பிடுங்கள். கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கிற மேய்ச்சல் காடு உங்கள் பகுதிக்கே உரியது. ஒவ்வொரு வேலிக் கடவுக்கும் ஒரு சம்பவம் இருக்கும். இந்த மரத்தடியில்தான் அந்தக் காங்கேய மாடு கன்று போட்டது, இந்த வேலி ஓரத்தில்தான் பங்காளிச் சண்டை வந்தது என்று இடத்தைப் பார்க்கப் பார்க்க ஞாபகம் வரும்.

இப்போது நான் அதிகம் நம்புகிற இரண்டு பொருட்களைச் சொல்கிறேன். ஒன்று மொய் நோட்டு. உங்கள் பெற்றோர் கல்யாணத்து மொய் நோட்டு பீரோவிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ இருந்தால் அதை எடுங்கள். ஊர் பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படியுங்கள். "இது யாரும்மா, தாராபுரத்துல இருந்து அஞ்சு ரூபா எழுதியிருக்காரு?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை உண்டு, ஒரு கதை உண்டு. யார் மொய் எழுதவில்லை என்பதும் கதைதான். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்தோம் என்பதில் இரண்டு குடும்பங்களின் நாற்பது வருட உறவு தெரிந்துவிடும். ஒரே உட்காருதலில் முடிக்காதீர்கள். இரண்டு பக்கம் படித்தாலே ஒரு சாயங்காலம் போய்விடும்.

இன்னொன்று பாத்திரம். பரண்மேல் கிடக்கிற பித்தளை அண்டா, குடம், எவர்சில்வர் தூக்குப் போசி இவற்றின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். சிலவற்றில் தேதியும் இருக்கும். கல்யாணச் சீராகப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது, வளைகாப்புக்கு வந்தது, நீங்கள் பிறந்தபோது தாய்மாமன் கொண்டுவந்தது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியும். இறக்கி வைத்துப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டே கேளுங்கள். எந்தப் பாத்திரம் அடகுக்குப் போய்த் திரும்பி வந்தது, எது போனது போனதுதான் என்று சொல்வார். பெண்களின் பெயர் எழுத்தில் இருக்கிற இடங்கள் அந்தத் தலைமுறையில் மிகக் குறைவு. பட்டாவில் இருக்காது, ரேஷன் கார்டில் இரண்டாவதாக இருக்கும். பாத்திரத்தில் இருக்கும்.

வருடக் கணக்கு கேட்டுத் தொல்லை செய்யாதீர்கள். "எந்த வருஷம்மா?" என்றால் அவருக்குப் பரீட்சை எழுதுவதுபோல் ஆகிவிடும். அவர் வைத்திருக்கும் அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணா இறந்தபோது என்றால் 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். இறந்தபோது என்றால் 1987 டிசம்பர். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கட்டை வண்டிகளோடு கோவையை மறித்தது 1972. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. "வீட்டு வண்டி போச்சா? ஆம்பளைங்க போனப்ப மாட்டையும் தோட்டத்தையும் யாரு பார்த்தாங்க?" என்று கேளுங்கள். போராட்டத்தைப் பற்றி ஆண்களிடம் நிறையக் கேட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பால் கறந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா சொல்கிற வருடம் தப்பாக இருந்தால் அந்த இடத்தில் திருத்தாதீர்கள். பிறகு நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

கேட்கிறவரின் வேலை "ம்" கொட்டுவது. கதை சொல்லும் பாட்டிகள் "ம் கொட்டாட்டி சொல்லமாட்டேன்" என்பார்கள், ஞாபகம் இருக்கும். அவர் நிறுத்தினால் அடுத்த கேள்வியை உடனே எடுத்துப் போடாதீர்கள். கொஞ்சம் விடுங்கள், சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு வரும். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் "இதெல்லாம் நீ சொல்லிட்டேம்மா" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அதில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. பக்கவாட்டில் ஒன்று கேளுங்கள்: "அப்ப அமுச்சி எங்க இருந்துச்சு?" கதை வேறு பக்கம் திறக்கும். வயதானவர்கள் பழையதையே பேசுவது மூளைத் தளர்ச்சி என்று ஒருகாலத்தில் வைத்தியர்களே நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் அதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது அந்த வயதுக்கு இயல்பான வேலை என்றார். அந்த வேலைக்குக் கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது.

வலிக்கிற இடங்கள் வரும். பெரும்பாலும் மூன்று: மாமியார், புருஷன், தவறிப்போன குழந்தை. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. அதனால் உங்களுக்கு முன்போ பின்போ ஒரு குழந்தை இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்கலாம். தோண்டாதீர்கள். அப்பாவைப் பற்றி ஒரு குறை சொன்னால் உங்கள் வாய் தானாக "அவரு அப்படி இல்லம்மா, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்" என்று போகும். போகக் கூடாது. அப்பத்தாவைப் பற்றி, நாத்தனாரான நங்கையாவைப் பற்றிச் சொன்னாலும் அப்படியே. நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. ஒரு தடவை அந்தப் பக்கம் வக்காலத்து வாங்கினால் அதற்குமேல் சொல்லமாட்டார். தீர்ப்புச் சொல்ல அவர் உங்களைக் கூப்பிடவில்லை. "அப்ப நீ யாருகிட்டம்மா சொன்னே?" என்று மட்டும் கேளுங்கள். யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

நிலம் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. பிறந்த வீட்டுக் காடு தோட்டம் பற்றிக் கேட்காமல் அவர் இளமையைக் கேட்க முடியாது. ஆனால் அதில் பங்கு என்ற விஷயம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாடு 1989-ல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் திருத்தியபோது, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. உங்கள் அம்மா வயதுப் பெண்களில் பெரும்பாலானோர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள். 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டை எடுத்தது. மகள் பங்கு கேட்க 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. இதெல்லாம் தெரிந்த மாமன்மார் வீட்டில், பெங்களூரில் இருந்து மருமகன் வந்து போனில் பதிவு செய்து கொண்டே "எத்தனை ஏக்கராம்மா இருந்துச்சு" என்று கேட்கிறான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? அம்மாவுக்குப் பிறந்த வீட்டு உறவு பெரிது. பங்கை விட்டுக்கொடுத்து அந்த உறவை வைத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். அதனால் கதை கேட்கிற காலத்தில் பத்திரம், பட்டா பேச்சை எடுக்காதீர்கள். அவராக "எனக்கும் அதுல ஒரு பாகம் வந்திருக்கோணும்" என்று சொன்னால் அதை அவர் மனசாகக் கேளுங்கள். உரிமை கேட்க நினைத்தால் அது அவர் எடுக்கவேண்டிய முடிவு, வக்கீலிடம் தனியாகப் பேசவேண்டியது.

பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "உன் குரல் என்கிட்ட இருக்கோணும்மா" என்றால் சரி என்பார். போனை அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். மிக்சி, மின்விசிறிச் சத்தத்தை மட்டும் தவிருங்கள். பதிவுக்குத் தேதியும் பேசிய விஷயமும் பெயராக வைத்து, வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். நாத்தனாரைப் பற்றிச் சொன்ன ஒரு வரி அங்கே போனால் அதோடு பேச்சு முடிந்தது.

பெரியம்மா, சித்தி யாராவது இருந்தால் அவர்களை ஒரு வாரம் தோட்டத்துக்கு வரவழையுங்கள். அக்கா தங்கை சேர்ந்தால் ஒருத்தி சொல்ல ஒருத்தி மறுக்க, நீங்கள் கேள்வியே கேட்க வேண்டியதில்லை. ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

வாரப் போனை விட்டுவிடாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம். "அரிசிம்பருப்புக்கு நீ என்னென்ன போடுவே, அமுச்சி எப்படிச் செய்யும்?" என்று ஆரம்பியுங்கள். அவர் பேசினால் பத்து நிமிடம், இல்லையென்றால் விடுங்கள். காது சரியாகக் கேட்கவில்லையா என்பதையும் பாருங்கள். போனில் சுருக்கமாக முடிப்பவர்களில் பலருக்குக் காதுதான் காரணம், வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். அப்படியென்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், பேச்சை நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் அவர் கேட்பார்: "ஏஞ்சாமி, என்னத்துக்கு இதெல்லாம் கேட்டுட்டு இருக்கறே?" தனக்கு ஏதோ நோய் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்றோ, தோட்டத்தை விற்கப் போகிறீர்கள் என்றோ அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். இரண்டும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அது போதும். அப்புறம் அவர் உங்களைக் கேட்க ஆரம்பிப்பார். சம்பளம் எவ்வளவு, கடன் இருக்கிறதா, வீட்டில் ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா என்று. அங்கே "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கறோம்" என்று நீங்கள் முடித்துவிட்டால், அவர் உங்களிடம் சொன்ன "என்னத்தெ இருக்குது சொல்றதுக்கு" என்ற அதே பதிலை நீங்கள் அவருக்குக் கொடுக்கிறீர்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஆபீசில் என்ன வேலை, யார் திட்டினார்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் அவர் நிறுத்திக் கேட்பார், பொறுமையாக விளக்குங்கள்.